கிறுக்குகிறார், அமைதியாக இருக்கிறார்

1

இந்தக் கதை, நான் வென்ற ஒரு பட்டிமன்றத்திலிருந்து பிறந்தது. வென்றவன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் வடை எடுக்க வரிசையில் நின்றேன்.

தைப்பொங்கலை, மண்டபம் கிடைக்கிற மாசியில் கொண்டாடும் ஊர் எங்கள் ஒஸ்லோ. இந்த முறை நகரின் கிழக்கே புருசெத்தில் கிடைத்தது. தலைப்பு: ‘கணினி யுகத்தில் கூட்டெழுத்துப் பழகுவது அவசியமா, வீண் வேலையா?’ கூட்டெழுத்து என்றால் பேனாவைத் தூக்காமல், ஒரு சொல்லின் எழுத்துகளை ஒன்றோடொன்று கொழுவி எழுதுவது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளில் பலர் அதைத் தொட்டதே இல்லை. நான் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பழுதுபார்ப்பவன். வேறு எந்தப் பக்கம் பேசுவேன்?

“கூட்டெழுத்து, பேனாவைத் தூக்கப் பஞ்சிப்பட்டவர்கள் கண்டுபிடித்த வேலை. இப்போது பேனாவே இல்லை, பஞ்சி மட்டும் மிச்சம்” என்றேன். (பஞ்சி, எங்கள் ஊர்ச் சோம்பல்.) மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஒரு கேடயமும் தந்தார்கள்.

வடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண் தோளில் தட்டினார்.

“தம்பி, நல்லாக் கதைச்சீர். நானும் கை தட்டினனான். ஆனால் நீர் சொன்னது பிழை.”

“எது பிழை அக்கா?”

“அதைச் சொல்ல ஒரு மணித்தியாலம் வேணும். வடையை எடுத்துக்கொண்டு இஞ்சாலை வாரும்.”

அவர் பெயர் புளோறன்ஸ். வயது ஐம்பத்தெட்டு. ஒஸ்லோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருபத்திரண்டு வருடங்களாக உதவியாளர். ஒரு மணித்தியாலம் என்றவர் இரண்டு மணித்தியாலம் கதைத்தார். கடைசியில், இதை எழுதட்டுமா என்று கேட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டவேணும். பொய் இருந்தால் வெட்டுவன்.”

வாசகரே, இனி வெட்டப்பட்டுக் கிடக்கும் வசனங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

2

முதல் தொடக்கம்: “பனி பெய்துகொண்டிருந்தது. கிறிஸ்ரியன் யன்னலோரம்—”

(இதை நானே வெட்டினேன். நோர்வேயில் எழுதப்படும் தமிழ்க் கதைகள் எல்லாம் பனியில் தொடங்கிப் பனியில் முடிகின்றன. வாசிப்பவருக்குத் தடிமன் பிடிக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: “கிறிஸ்ரியன் ஒரு கவிஞர். சொற்களால் வாழ்ந்தவரிடமிருந்து சொற்கள் பறிக்கப்பட்டபோது—”

“ஆர் கவிஞர்?” என்றார் புளோறன்ஸ். “அவர் ட்ராம் ஓட்டினவர். நாப்பது வருசம்.”

“கதைக்குக் கவிஞர் என்றால் எடுப்பாக இருக்கும் அக்கா.”

“ட்ராம் ஓட்டினவருக்குச் சொல்லு வேண்டாமோ?”

கவிஞரை வெட்டினேன். ஆகவே மூன்றாம் தொடக்கம், எடுப்பில்லாமல்:

கிறிஸ்ரியனுக்கு எழுபத்து நான்கு வயது. மார்கழியில் பக்கவாதம் வந்தது. பேச்சுப் போய்விட்டது. இடது கையும் காலும் போய்விட்டன. வலது கை தப்பியது. இல்லத்தில் அவரை யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருத்தி, மடியில் ஒரு பலகை வைத்து, பலகையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்தார்கள். கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும் என்று.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் போன பிள்ளை என்ன செய்யும் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.

3

இங்கே நீங்கள் குறுக்கே கேட்பீர்கள், எனக்குத் தெரியும். ஐபேட்டில் எழுத்துப் பலகை காட்டியிருக்கலாமே? காட்டினார்கள். அவருடைய விரல் எழுத்துகளைத் தேடி வெறும் இடத்தில் குத்தியது. (கண்ணின் ஒரு பக்கம் மறைந்திருந்தது என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.) தலையாட்டியிருக்கலாமே? ஆட்டினார். தேநீர் வேண்டுமா என்றாலும் ஆட்டினார், உங்களுக்கு இருநூறு வயதா என்றாலும் ஆட்டினார். கழுத்து அவர் சொல் கேட்கவில்லை.

பென்சில் மட்டும் சொல் கேட்டது. ஆனால் அது தாளில் இழுத்தவை வெறும் கோடுகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மேலும் கீழும் வளைந்து, எங்கும் நிற்காமல் ஓடும் கோடுகள். பணியாளர்கள் கணினியில் ஒவ்வொரு நாளும் பதிந்தார்கள்: ‘கிறுக்குகிறார், அமைதியாக இருக்கிறார்.’

இன்னொன்றும் பதிந்திருந்தார்கள்: ‘இசை அவரை ஆறுதல்படுத்துகிறது.’ அதனால் அவர் தலைமாட்டில் ஒரு றேடியோ. காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை அக்கோர்டியன் வாத்தியத்தில் கிராமத்து நடனப் பாட்டுகள்.*

* அக்கோர்டியன் பிரியர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த நாதஸ்வரத்தை ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் காதுக்குள் வைத்துப் பாருங்கள். பிறகு கதைப்போம்.

4

காலையில் கிறிஸ்ரியனின் தாளை மாற்றுவது புளோறன்ஸின் வேலை. பழைய தாளை எடுப்பார். ஒரு முறை பார்ப்பார். பழைய கடதாசிப் பையில் போடுவார். புதுத் தாள் வைப்பார்.

அந்த ‘ஒரு முறை பார்ப்பார்’ என்ற இடத்தில்தான் இந்தக் கதையே இருக்கிறது. ஏனென்றால் அவர் பார்க்கவில்லை. வாசித்தார்.

முதல் நாள்: ‘றேடியோவை நிறுத்துங்கள்.’

இரண்டாம் நாள்: ‘தயவுசெய்து. றேடியோ.’

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ: ‘எனக்கு எல்லாம் கேட்கிறது. எல்லாம் விளங்குகிறது.’

மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், இப்படி ஓடியது.

நான் வடையைக் கீழே வைத்தேன். “அக்கா, வாசித்துவிட்டு ஏன் யாருக்கும் சொல்லவில்லை?”

“எல்லாரும் வாசிச்சிருப்பினம் எண்டெல்லோ நினைச்சன்! அவையின்ரை பாசை, அவையின்ரை எழுத்து. மீன் வெட்ட வந்த நானே வாசிக்கிறன், அவை வாசியாமல் இருப்பினமே? வாசிச்சுப்போட்டு, ஏதோ வைத்தியக் காரணத்துக்காக றேடியோவை விட்டிருக்கினம் எண்டு நினைச்சன். நான் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டு வருவன். நான் போனாப்பிறகு ஆரோ கூட்டிவிடுவினம்.”

இது எங்களுடைய பிழை. எங்களைத் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். ஒரு நாட்டில் முப்பத்தெட்டு வருடம் இருந்தபிறகும், எங்களுக்குத் தெரிந்த ஒன்று அந்த நாட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்கும் என்று நினைக்க எங்களுக்கு வராது. சந்தேகம் வந்தால் எங்கள் மேல்தான் வரும். நானும் இதைச் செய்திருப்பேன். அலுவலகத்தில் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

“சில நாள் என்ரை நொஸ்க் பிழையோ எண்டும் யோசிச்சன்” என்றார் புளோறன்ஸ். நொஸ்க் என்று நாங்கள் சொல்வது நோர்வேஜிய மொழியை.

5

நியாயமான சந்தேகம்: மீன் வெட்ட வந்தவருக்கு அந்த எழுத்து எப்படித் தெரியும்?

1987 இல், இருபது வயதில், வடக்கே பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடிக் கிராமத்தில் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர் புளோறன்ஸ். மேற்பார்வைக்கு ஒரு நோர்வேஜியப் பெண். இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கட்டளைகளைக் கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டுவாளாம். எல்லாம் கூட்டெழுத்தில். ‘கையுறை மாற்று.’ ‘கத்தியைத் தீட்டு.’ ‘இன்று கோப்பி இல்லை, இயந்திரம் பழுது.’

“கொன்வென்ரிலை நாலு கோட்டுக் கொப்பியிலை இங்கிலிஸ் கூட்டெழுத்து எழுதின கைதானே எனக்கு. எழுத்துப் பிடிபட்டிட்டுது, சொல்லுத்தான் விளங்கேல்லை. பழைய துண்டுகளைக் கழட்டிக்கொண்டு போய் அறையிலை அகராதி பாப்பன். நொஸ்க் எண்டாலே அந்த வளையம் வளையமான எழுத்துத்தான் எண்டு கன நாளா நினைச்சுக்கொண்டிருந்தனான். அச்செழுத்துத்தான் எனக்குக் கஷ்ரமாயிருந்தது.”

(இதற்கு நான் பாட்ஸ்பியோர்ட்டின் குளிர், கடல், அகதித் தனிமை என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். “இது ஆற்றை கதை? கிறிஸ்ரியன்ரை கதையிலை நான் ஏன் அழுதுகொண்டு நிக்கிறன்?” என்று முழுவதையும் வெட்டினார். நல்ல பக்கம் அது. போகட்டும்.)

6

எந்தக் கதைக்கும் ஒரு வில்லன் வேண்டும். நான் ஒரு நோர்வேஜிய மேலாளரைத் தயார் செய்து வைத்திருந்தேன். நெட்டையான ஆள், நீலக் கண், மனிதரைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பவர். அவருக்கு இரண்டு பக்க வசனமும் இருந்தது.

“அப்பிடி ஒராளும் அங்கை இல்லை” என்றார் புளோறன்ஸ். “பிரிவுக்குப் பொறுப்பு எங்கடை பிள்ளைதான். சோபிகா.”

சோபிகாவுக்கு இருபத்தொன்பது வயது. ஒஸ்லோவில் பிறந்த தமிழ்ப் பெண்; மருத்துவத் தாதி, கெட்டிக்காரி. நோயாளிகள் முன்னால் நோர்வேஜிய மொழிதான் பேச வேண்டும் என்பது அங்கே விதி. அந்த மொழியில் அவள் பொறுப்பாளர், இவர் வெறும் புளோறன்ஸ். ஆட்கள் இல்லாத இடத்தில் தமிழுக்கு மாறியவுடன் இவர் அன்ரி, அவள் பிள்ளை. இரண்டு பேரும் இரண்டையும் கலக்காமல் நான்கு வருடம் ஓட்டியிருந்தார்கள்.

அவளை வில்லியாக்க முயன்றேன். முடியவில்லை. கிறிஸ்ரியனுக்குச் சில காலைகளில் அவளே சாப்பாடு ஊட்டுவாளாம். அவருடைய தலையைத் தானே வாரிவிடுவாளாம். அவளுக்குத் தெரியாத ஒன்று, தெரியாது என்றே தெரியாத ஒன்று. அவ்வளவுதான் அவள் குற்றம். பட்டிமன்றத்தில் அதே குற்றத்துக்கு எனக்குக் கேடயம் கிடைத்தது.

7

ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணி. பணியாளர் சாப்பாட்டு அறை. அவர்கள் இருவர் மட்டும்.

“அன்ரி, கிறிஸ்ரியனை தெமென்ஸ் அவ்தேலிங்குக்கு மாத்தப்போறம்” என்றாள் சோபிகா. “ஒரு மணிக்கு டொக்டரோடை கதைச்சு முடிவெடுக்கிறது. விண்ணப்பம் நான் எழுதியிட்டன்.”

அவள் சொன்னது மறதி நோயாளர் பிரிவை. நகரத்தின் மறுகோடியில், பூட்டிய கதவுகளோடு. அங்கே போனவர் திரும்பி வந்ததை புளோறன்ஸ் கண்டதில்லை.

“ஏன் பிள்ளை?”

“அவருக்கு ஒண்டும் விளங்கேல்லை அன்ரி, பாவம். சும்மா கிறுக்கிக்கொண்டு இருக்கிறார்.”

“கிறுக்குறாரோ? அந்த மனுசன் மூண்டு கிழமையா றேடியோவை நிப்பாட்டச் சொல்லியெல்லோ எழுதுது! நீங்கள் ஏன் நிப்பாட்டேல்லை?”

சோபிகாவின் கரண்டி தயிர்க் கிண்ணத்தில் ணங்கென்று விழுந்தது. (கரண்டி நான் போட்டது. உண்மையில் அவள் பாண், அதாவது ரொட்டி, சாப்பிட்டாளாம். பாண் விழுந்தால் சத்தம் கேட்காது. இந்த ஒரு பொய்யை புளோறன்ஸ் மன்னித்தார்.)

“ஆர் எழுதுறது?”

“கிறிஸ்ரியன்தான்.”

“அன்ரி, அது எழுத்தில்லை. நான் பாத்தனான். ஈசிஜி கோடு மாதிரி மேலையும் கீழையும் போகுது.”

“அது கூட்டெழுத்துப் பிள்ளை. லொக்கஸ்கிரிஃப்ட்.”

“எங்களுக்கு அது படிப்பிக்கேல்லை.”

புளோறன்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப நீங்கள் ஒருத்தரும்…”

“ஒருத்தரும் இல்லை அன்ரி.”

மூன்று கிழமையின் தாள்கள் அத்தனையும் ஒன்றாக வந்து தன் தலையில் விழுந்த மாதிரி இருந்தது என்றார் புளோறன்ஸ்.

சோபிகாவும் வெளுத்துப் போயிருந்தாள். ஆனால் எழுந்து நின்று ஒன்று சொன்னாள். அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. “பாவம் எண்டு நினைச்சுக்கொண்டு பாத்தால் எந்தக் கோடும் எழுத்தாத்தான் தெரியும் அன்ரி. நீங்களா நினைக்கிறீங்களோ, அவர் எழுதுறாரோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மணி பதினொன்றரை.

8

நான் எழுதிய முதல் முடிவு:

“புளோறன்ஸ் யன்னலால் வெளியே பார்த்தார். ஒரு மணி அடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிறிஸ்ரியனின் சக்கர நாற்காலி மெல்ல மெல்ல—”

வாசித்துக் காட்டினேன். புளோறன்ஸ் தாளைப் பறித்தார்.

“உமக்கு ஒரு ஊமை காணாதோ? என்னையும் ஊமையாக்கப் போறீரோ?”

“இலக்கியத்தில் இப்படி முடித்தால்தான் அக்கா கனமாக இருக்கும்.”

“கனத்தைக் கொண்டுபோய் வேறை எங்கையும் வையும். நான் போனனான். எழுதும்.”

எழுதுகிறேன்.

9

புளோறன்ஸ் முதலில் போனது கடதாசிப் பைக்கு. பழைய கடதாசி புதன்கிழமை போய்விடும். மூன்று கிழமையில் எஞ்சியது, பையில் கிடந்த முந்தைய நாளின் தாளும், கிறிஸ்ரியனின் மடியிலிருந்து எடுத்த அன்றைய தாளும். இரண்டையும் தொடையில் வைத்துத் தேய்த்து மடிப்பெடுத்தார். ஒரு மணிக்கு, யாரும் கூப்பிடாமல், கிறிஸ்ரியனின் அறைக்குள் போனார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு கூட்டத்துக்குள் அவர் போனது அதுதான் முதல் தடவை.

வைத்தியர் மடிக்கணினியோடு இருந்தார். சோபிகா பக்கத்தில். கிறிஸ்ரியன் யன்னலோரம். அக்கோர்டியன் பாடிக்கொண்டிருந்தது.

புளோறன்ஸ் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் றேடியோவின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

அந்த அமைதியில், கிறிஸ்ரியனின் வலது கை நாற்காலிக் கைப்பிடியில் அடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. வைத்தியர் முதன்முறையாகத் திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

(இனி நடந்த பேச்சு நோர்வேஜிய மொழியில். நான் எழுத்துத் தமிழில் தருகிறேன். புளோறன்ஸின் நோர்வேஜியம் வடக்குத் தொழிற்சாலைப் பெண்களின் நோர்வேஜியம், ஒஸ்லோக்காரரை நிமிர்ந்து உட்கார வைக்கும் என்பதை நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.)

“இவர் கிறுக்கவில்லை. எழுதுகிறார். நான் வாசிக்கிறேன்” என்றார் புளோறன்ஸ். வாசித்தார். ‘எனக்கு விளங்குகிறது.’ ‘என்னை எங்கே அனுப்பப் போகிறீர்கள்?’

வைத்தியர் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “எனக்கு இதில் எதுவும் தெரியவில்லை” என்றார்.

அப்போதுதான் சோபிகா எழுந்தாள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் இந்த இடத்திலிருந்து அவள்தான். விண்ணப்பம் அவளுடையது, கையொப்பம் அவளுடையது. மூன்று கிழமை விளங்காமல் இருந்தவர் கிறிஸ்ரியன் அல்ல, தான்தான் என்று நிரூபணமாகப் போகிற ஒரு சோதனையை அவளே முன்வைத்தாள்.

“இன்று காலை நான்தான் இவருக்கு ஊட்டினேன். அறையில் வேறு யாரும் இல்லை. புளோறன்ஸ், நீங்கள் வெளியே நில்லுங்கள்.”

கதவு சாத்தப்பட்டது. சோபிகா குனிந்து கிறிஸ்ரியனின் காதில் கேட்டாள்: ‘இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்?’ புதுத் தாள் வைத்தாள். பென்சில் ஓடியது.

வெளியே நின்ற புளோறன்ஸ் மாதாவைக் கூப்பிட்டாராம். “பிறகு யோசிச்சன், மாதாவுக்கும் லொக்கஸ்கிரிஃப்ட் தெரியுமோ எண்டு.”

கதவு திறந்தது. தாளை நீட்டினார்கள். கோட்டின் மேல் கோடு. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

“கஞ்சி” என்றார்.

அது யாரும் ஊகிக்கக்கூடியது; சோபிகா காத்திருந்தாள்.

“இரண்டாவது வரி. ‘ஆறிப்போயிருந்தது.’”

சோபிகா வாயைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, நோயாளி முன்னால், வைத்தியர் முன்னால், விதி எல்லாவற்றையும் காற்றில் விட்டு, தமிழில் கத்தினாள்: “அன்ரி! ஓம் அன்ரி! அது ஆறித்தான் இருந்தது!”

சிரித்தாள், அழுதாள், கிறிஸ்ரியனின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எல்லாம் விளங்கியது. மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து விண்ணப்பத்தை அழித்தார். கிறிஸ்ரியன் எங்கும் போகவில்லை. இன்றைக்கும் அதே யன்னலோரம்தான்.

10

கட்டுரைக்காரனாக ஒரு வார்த்தை. ஒரு ட்ராம் சாரதியின் பக்கவாதத்தை வைத்துப் பாடத்திட்டத்தை மாற்ற முடியாது. இது எதையும் நிரூபிக்கவில்லை என்று என் பட்டிமன்ற அணி சொல்லும். சொல்லட்டும். நான் பார்ப்பது அந்தக் கையை மட்டும். வாய் பழுது, கழுத்து பழுது, பாதிக் கண் பழுது. தனித்தனி எழுத்தாகத் தேடிக் குத்தச் சொன்னபோது தோற்ற மனிதரிடம், ஏழு வயதில் பழகிய ஒரு ஓட்டம் அப்படியே கைக்குள் கிடந்தது. அறுபத்தேழு வருடம் பழுதாகாத கணினி ஒன்றையும் என் தொழிலில் நான் கண்டதில்லை.

நடுவருக்குத் தொலைபேசி எடுத்து, தீர்ப்பை மாற்றச் சொன்னேன். தீர்ப்பு அப்படியே இருக்கட்டும், கேடயத்தை மட்டும் திருப்பித் தந்தால் அடுத்த முறைக்கு உதவும் என்றார்.

சோபிகா இப்போது கூட்டெழுத்துப் பழகுகிறாள். ஐபேட்டில், ஒரு செயலி இறக்கி! கோழி கிண்டின மாதிரி இருக்கிறதாம். ஆனால் கிறிஸ்ரியன் எழுதுவதில் பாதியை வாசித்துவிடுகிறாளாம்.

11

முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். புளோறன்ஸ்தான், கோப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்: “அந்தத் தாளிலை மூண்டாவது வரியும் இருந்தது.”

சோபிகா அழுதுகொண்டிருந்தபோது கிறிஸ்ரியன் மீண்டும் பென்சிலை எடுத்திருக்கிறார். தாளைப் புளோறன்ஸின் பக்கம் திருப்பச் சொல்லிக் கையால் காட்டியிருக்கிறார். ஒரு நிமிடம் எழுதினாராம். புளோறன்ஸ் வாசித்தார். வாய்விட்டுச் சிரித்தார், கண்ணால் தண்ணீர் ஓடும் வரை. தாளை மடித்துச் சீருடைப் பைக்குள் வைத்தார். என்ன எழுதியிருக்கிறது அன்ரி என்று சோபிகா கேட்டதற்கு, “இது எனக்கு” என்றாராம்.

எனக்கும் சொல்லவில்லை. ஆகவே நானே எழுதிப் பார்த்தேன்.

(அ) ‘நன்றி.’ — “நன்றிக்கு ஆரும் இப்பிடிச் சிரிப்பினமே?” வெட்டினார்.

(ஆ) ‘ஏன் மூன்று கிழமை?’ — “அதுக்குச் சிரிக்கேலுமே தம்பி?” வெட்டப் போனார். பிறகு கை நின்றது. “அதுக்கும் சிரிக்கலாம்தான்” என்றார்.

(இ) நாற்பது வருடம் ஒஸ்லோ நெரிசலில் ட்ராம் ஓட்டிய ஒருவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு சொல். அதை இங்கே அச்சிட முடியாது. அதற்கு என் தோளில் ஓர் அடி விழுந்தது. ஆனால் வெட்டவில்லை.

இனி என்னிடம் ஒன்றும் இல்லை. வாசகரே, நீங்கள் அந்த நாற்காலியில் இருந்து பாருங்கள். அந்த இல்லத்தில் உங்களை வாசிக்கத் தெரிந்தவள் ஒரே ஒருத்தி. ஒவ்வொரு காலையும் அவளுடைய கண்கள் உங்கள் வரிமேல் ஓடுவதைக் கண்டிருக்கிறீர்கள். அவளுக்கு விளங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். அவள் அதைக் குப்பையில் போட்டதையும் கண்டீர்கள். இப்போது அவளே வந்து, எல்லோர் முன்னாலும், வயரைப் பிடுங்கிவிட்டு உங்கள் பக்கத்தில் நிற்கிறாள். உங்கள் கையில் பென்சில்.

மூன்றாவது வரி உங்களுடையது. என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். ஒரே நிபந்தனை: அதை வாசித்ததும் அவள் சிரிக்க வேண்டும்.